விழாத பெட்டி

“சாமி, ஐயாறப்பனை அனுப்பிடணும்,” என்றார் சட்டநாதன்.

குரு கண்ணைத் திறக்கவில்லை.

“எங்க?”

“எங்கயாவது. மடத்தை விட்டு.”

குரு பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். குருபூஜை நெருங்கிவிட்டது. வருகிறவர்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு லேசாகிப் போய்விடுகிறார்கள். கால் வீங்குவது இவருக்கு.

சட்டநாதனுக்கும் அசதிதான். குருவைவிட வயதில் மூத்தவர். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இனிமேலாவது சும்மா இருக்கலாம் என்று மடத்துக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து சும்மா இருக்க வாய்க்கவில்லை. குழாய், மோட்டார், விளக்கு, மைக் எல்லாம் அவர் தலையில்தான்.

“ஐயாறப்பன் என்ன செஞ்சார்?” என்று கேட்டார் குரு.

“அவர் ஒண்ணும் செய்யலை. நல்ல சமையல்காரர். குணமும் தங்கம்.”

“பிறகு?”

“கைதான் சரியில்லை.”

“கை என்ன செஞ்சது?”

“அவர் கை பட்டா பெட்டி விழுது சாமி.”

குரு இப்போது கண்ணைத் திறந்தார்.

மடப்பள்ளிக்கு வெளியே, நடைச் சுவரில் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் வரிசையாகச் சுவிட்சுகள். எல்லாம் சமர்த்து. டிரிப்பர் என்று ஒன்று மட்டும் முன்கோபி. ‘டப்’ என்று கீழே விழும். அது விழுந்தால் மடம் முழுக்கக் கரண்ட் கிடையாது. யாராவது போய் அதை மேலே தள்ளிவிட வேண்டும். அந்த யாராவது எப்போதும் சட்டநாதன்தான்.

விடிகாலையில் ஐயாறப்பன் குளத்தில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு மடப்பள்ளிக்குள் போவார். சுவாமிக்குச் சமைக்கிறவர் துணி உலர்வதற்குள் உலை வைத்துவிட வேண்டும். காலில் செருப்பும் கூடாது. அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம். சொட்டச் சொட்டக் கல்தரையில் நின்று, ஊறவைத்த உளுந்தைக் கிரைண்டரில் கொட்டி, ஓட விட்டு, ஓரத்தில் கை வைப்பார்.

டப்.

“கொஞ்ச நாளாத்தான் சாமி இப்படி,” என்றார் சட்டநாதன். “நான் திண்டாடிப் போறேன். கண்ணை மூடி உட்கார்ந்தா போதும், டப்புங்குது. ஓடணும். முட்டி வலியோட ஓடணும். மறுபடி வந்து உட்கார்ந்தா மறுபடி டப்பு. ஓதுவார் வேற கத்துறார்.”

“அவருக்கு என்ன?”

“பாதிப் பாட்டுல மைக் செத்துடுது. ‘என் குரல் பிடிக்கலைன்னா ஐயாறப்பன் என் மூஞ்சிக்கு நேராவே சொல்லலாமே’ங்கிறார்.”

குரு லேசாகச் சிரித்தார். சிரிக்கக்கூடத் தெம்பு இல்லாத சிரிப்பு.

“ஏதாவது செஞ்சு பார்த்தீங்களா?”

“எல்லாம் செஞ்சாச்சு.”

எல்லாம் செய்திருந்தார்கள். பெட்டியில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். விழுந்தது. சந்தனம் வைத்தார்கள். சந்தனப் பொட்டோடு விழுந்தது. கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினார்கள். அன்றைக்கு மட்டும் இரண்டு தரம் விழுந்தது.

“மத்தவங்க கை வெச்சா விழலையா?”

“அதைத்தான் சொல்றேன். விழலை! பாத்திரம் கழுவ வர்ற அம்மா முந்தானையில கையைத் துடைச்சுட்டு வெச்சா விழலை. ஓதுவார் வந்து வெச்சார், விழலை. நானே துண்டுல கையைத் துடைச்சுட்டு, மர மணையில ஏறி நின்னு தொட்டுப் பார்த்தேன். விழவே இல்லை. அதனாலதான் எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க.”

“என்னன்னு?”

சட்டநாதன் குரலைத் தாழ்த்தினார்.

“ஏதோ பாவம் பண்ணின கைன்னு.”

குரு தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“நீங்க தொட்டப்போ உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?”

“லேசா விறுவிறுன்னுது. கிரைண்டர்னா அப்படித்தான் இருக்கும்.”

“அப்படித்தானா?”

“பழகிடும் சாமி.”

“அது எப்போ வந்தது?”

“போன வருஷம். யாரோ உபயம். வந்த அன்னைக்கே தகராறு. அதோட பிளக்குக்கு மூணு கால், நம்ம சுவத்துல ரெண்டே ஓட்டை. நுழையலை. பெரிய காலை நான்தான் ஆக்ஸா பிளேடால அறுத்துவிட்டேன்.” சொல்லும்போது சட்டநாதன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இல்லைன்னா வயர்மேனைக் கூப்பிட்டு, சுவத்தை உடைச்சு, பெரிய வேலையா ஆகியிருக்கும்.”

“அந்தக் கால் எதுக்கு இருந்தது?”

“எது?”

“நீங்க அறுத்தது.”

“எர்த்துன்னு சொல்வாங்க. அது சும்மா சாமி. ரெண்டு காலுலயே நல்லாத்தானே ஓடுது.”

குரு வீங்கிய காலை மெல்ல நீவிவிட்டுக்கொண்டார்.

“எனக்கு இந்தப் பெட்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது,” என்றார். “ஆனா இந்த மடத்துல இத்தனை காலமா இருக்கேன். சும்மா இருக்கிற ஒண்ணை இன்னும் பார்க்கலை.”

சட்டநாதனுக்கு அது தன்னைச் சொன்னதா பிளக்கைச் சொன்னதா என்று புரியவில்லை. இரண்டில் எதுவானாலும் கேட்டுக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை.

“அப்போ ஐயாறப்பனை?”

“அவர்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாங்க.”

“என்ன கேக்கணும்?”

“கை வைக்கும்போது அவருக்கு எப்படி இருக்குன்னு.”

“அவருக்கு எப்படி இருந்தா என்ன சாமி? விழறது பெட்டிதானே?”

குரு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சட்டநாதன் எழுந்தார். முட்டி சத்தம் போட்டது.

•

மதியப் பந்தி முடிந்து மடம் அசந்து கிடந்தது. மடப்பள்ளியில் ஐயாறப்பன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை, வாய் கட்டி, தயாராக இருந்தது.

“என்னய்யா, ஊருக்கா?” என்றார் சட்டநாதன்.

“நீங்க சொல்லத்தானே வர்றீங்க? சொல்ல வெச்சு உங்களைச் சங்கடப்படுத்துவானேன்னுதான்.”

சட்டநாதன் எதிரே உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே சொல்லிவிட்ட நிம்மதியும், அந்த நிம்மதிமேல் ஒரு வெட்கமும் வந்தது.

“எங்க போவீங்க?”

“திருப்பூர்ல பையன் இருக்கான். ஒரே ரூமு. அவன், அவன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. ராத்திரி ஷிப்டு பார்த்துட்டு வந்து பகல்ல படுத்துக்குவான். அவன் எழுந்தா அந்த இடத்துல நான் படுத்துக்கலாம்.” ஐயாறப்பன் யோசித்தார். “புள்ளைங்க படிக்கும்போது வாசல்ல நின்னுக்கலாம்.”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே.”

“ஊரே சொல்லுதுங்க. ஓதுவார் நேத்து என்னைப் பார்த்துட்டுத் துண்டால மைக்கை மூடிக்கிறார்.”

சட்டநாதனுக்குச் சிரிப்பு வந்தது. ஐயாறப்பனும் சிரித்தார். பிறகு இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

“எந்தப் பாவம்னுதான் தெரியலைங்க,” என்றார் ஐயாறப்பன். “படுத்தா அதே நினைப்பு. அம்பது வருஷத்தைப் புரட்டிப் பார்த்துட்டேன். சின்னச் சின்னதா நிறையக் கிடைக்குது. கரண்டையே நிறுத்துற அளவுக்கு ஒண்ணும் கிடைக்கலை.”

“சாமி ஒண்ணு கேட்டுவரச் சொன்னார்.”

“என்னையா?” ஐயாறப்பன் சாய்ந்திருந்த முதுகை எடுத்தார்.

“கிரைண்டர்ல கை வைக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்குன்னு.”

ஐயாறப்பன் இடது கையால் வலது கையை நீவிவிட்டுக்கொண்டார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

“கை வெச்சதும் சுரீர்னு பிடிக்குமுங்க. தோள்பட்டை வரைக்கும். அப்படியே உள்ளே இழுக்கும். ‘ஐயோ’ன்னு சொல்லக்கூட வாய் வராது. அதுக்குள்ள பெட்டி டப்புன்னு விழுந்துடும். விழுந்ததும் விட்டுடும்.”

“ஷாக்கா?”

“ஷாக்குதானுங்க.”

“எனக்கு லேசா விறுவிறுன்னுதான் இருந்தது.”

“அதுதானுங்களே. உங்களைப் போலப் பூஜை பண்ணின கைக்கு விறுவிறு. நமக்குச் சுரீர்.”

“ஏன்யா இதை முன்னாடியே சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? என்னாலதான் பெட்டி விழுதுன்னு நிக்கிறேன். இதுல எனக்கு வேற வலிக்குதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

சட்டநாதன் அந்தத் துணிப்பையைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கரண்டியின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சொந்தக் கரண்டி போலிருக்கிறது. திருப்பூரில் அந்த ஒரே அறையில் அதை எங்கே வைப்பார்?

“பையை அவுருங்க,” என்றார்.

“என்னங்க?”

“அவுருங்கன்னேன். நாளைக்கு வழக்கம்போல அரைங்க. தைரியமா கை வைங்க. பெட்டி விழாது. நான் பார்த்துக்கிறேன்.”

ஐயாறப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டார்.

சட்டநாதன் வேகமாக வெளியே வந்துவிட்டார். யாராவது கும்பிட்டால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

•

பெட்டிக்கு மேலே பழைய இரும்பு மெயின் ஒன்று உண்டு. அதன் கைப்பிடியை இழுத்து இறக்கினார் சட்டநாதன். மடத்தில் மின்விசிறிகள் நின்றன. தூங்கிக்கொண்டிருந்த யாரோ புரண்டு படுத்து முனகினார்கள்.

“ஐயாறப்பனா?”

“இல்லை, நான்தான். தூங்குங்க.”

பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி, பல்லி முட்டை, காய்ந்த சந்தனம். தினமும் முன்பக்கம் பார்த்த அந்தக் கோபக்காரனை இன்றைக்குத்தான் பின்பக்கம் பார்க்கிறார். சின்னதாகத்தான் இருந்தது.

“உனக்கும் ஓய்வு, எனக்கும் ஓய்வு,” என்றார் அதனிடம்.

மேலிருந்து வருகிற வயரையும் கீழே போகிற வயரையும் கழற்றினார். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்து முறுக்கினார். டேப் சுற்றினார். டிரிப்பர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் வழியாக எதுவும் போகவில்லை, வரவில்லை.

மூடியை மாட்டி, மெயினை ஏற்றினார். மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின.

மடப்பள்ளிக்குப் போய், மணையில் ஏறி நின்று, கிரைண்டரை ஓடவிட்டுக் கை வைத்துப் பார்த்தார். விறுவிறு. பெட்டி அசையவில்லை.

குருவிடம் சொல்லலாம் என்று போனார். குரு பேசாமல் இருக்கும் நேரம் தொடங்கிவிட்டது. விடிந்தால்தான் இனிப் பேச்சு.

பரவாயில்லை. சட்டநாதன் அன்றைக்கு அடித்துப்போட்டது போல் தூங்கினார்.

•

குருபூஜை நாள் விடிந்தது.

சட்டநாதன் குளித்து, உலர்ந்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய நீறு பூசி, குருவின் முன் வந்து நின்றார். மைக்கில் ஓதுவார் பாட ஆரம்பித்திருந்தார். வாசலில் சனம் சேர்ந்துகொண்டிருந்தது.

“சாமி, ஐயாறப்பன் போக வேண்டியதில்லை.”

“நல்லது.”

“பெட்டி இனிமே விழாது.”

“சரி பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டேன். அந்த டிரிப்பரைத் தாண்டி நேரா கொடுத்துட்டேன். இனி யார் தொட்டாலும் விழாது. பாவி தொட்டாலும் விழாது, புண்ணியவான் தொட்டாலும் விழாது.”

குரு தலையாட்டினார். முகத்தில் நேற்றைய அசதி அப்படியே இருந்தது.

“இன்னைக்காவது கொஞ்சம் உட்காரலாமா சாமி?” என்று கேட்டார் சட்டநாதன். “சும்மா?”

“உட்காருங்க.”

சட்டநாதன் உட்கார்ந்தார். முதுகை நேராக்கினார். கண்ணை மூடினார். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. எங்கிருந்தும் டப் என்ற சத்தம் இல்லை. எத்தனை நாளாயிற்று இப்படி உட்கார்ந்து!

“ஐயா,” என்றார் குரு.

“சாமி?”

“நேத்து ஒண்ணு கேட்டுவரச் சொன்னேன்.”

“என்னது?” சட்டநாதன் கண்ணைத் திறக்கவில்லை.

“ஐயாறப்பனுக்கு எப்படி இருக்குன்னு.”

“அதுவா? கேட்டேன் சாமி. பாவம், வெகுளி. ஒண்ணும் பெரிசா இல்லை.”

“என்ன சொன்னார்?”

“கை வெச்சதும் சுரீர்னு பிடிச்சு உள்ளே இழுக்குமாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, உடனே பெட்டி விழுந்துடுமாம்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் சாமி. பெட்டி விழுந்ததும் விட்டு…”

சட்டநாதன் நிறுத்திவிட்டார்.

குரு காத்திருந்தார்.

சட்டநாதன் கண்ணைத் திறந்தார். வாய் திறந்தபடியே இருந்தது. மைக்கில் ஓதுவார் ஓர் அடியை முடித்து அடுத்த அடிக்குப் போனார். இடறல் இல்லாமல், தங்குதடை இல்லாமல் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

“ஐயாறப்பன் இப்போ எங்க?” என்று கேட்டார் குரு. கேட்டபடியே வீங்கிய காலை ஊன்றி எழ முயன்றார்.

“குளத்துல…”

சட்டநாதனின் பார்வை முற்றத்துக்குப் போனது. குளத்துப் பக்கத்து வாசலிலிருந்து மடப்பள்ளி வரைக்கும் கல்தரையில் ஈரப் பாதங்கள். ஒன்றுகூட இன்னும் காயவில்லை.

சட்டநாதன் ஓடினார்.

முட்டி வலி நினைவில் இல்லை. வழியில் பூக்கூடையோடு வந்த பெண் ஒதுங்கினாள். யாரோ “பார்த்து, பார்த்து” என்றார்கள். “ஐயாறப்பா, தொடாதே!” என்று கத்த நினைத்தார். காற்றுதான் வந்தது. உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. மடப்பள்ளிக்குள் போவதா, பெட்டிக்குப் போவதா?

பெட்டி பக்கத்தில் இருந்தது.

எம்பி, மெயின் கைப்பிடியில் இரண்டு கையும் போட்டுத் தொங்கினார். அது படாரென்று இறங்கியது.

ஓதுவார் குரல் பாதி எழுத்தில் அறுந்தது. விளக்குகள் அணைந்தன. கிரைண்டர் இன்னும் இரண்டு சுற்று உருண்டு, களைத்து, நின்றது.

“ஆரம்பிச்சுட்டான்யா!” ஓதுவார் மைக் இல்லாமலே மடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “குருபூஜை அன்னைக்குக்கூட விடமாட்டானா?”

வாசலில் சனம் சலசலத்தது.

சட்டநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு மடப்பள்ளிக்குள் நுழைந்தார். மூச்சு வாங்கியது. அடுப்பு வெளிச்சத்தில் ஐயாறப்பன் நின்றிருந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கை கிரைண்டருக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வைப்பதா வேண்டாமா என்று நின்றுபோயிருந்தது.

சட்டநாதனைப் பார்த்ததும் அவர் அந்தக் கையைச் சட்டென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“சத்தியமாங்க,” என்றார் ஐயாறப்பன். “நான் இன்னும் தொடவே இல்லீங்க.”